காவலும் அந்தரங்கமும்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில் ஒரு குடும்பம் இருப்பதாக எண்ணிக் கொள்வோம். பௌர்ணமி இரவு. தாயும் தந்தையும் பத்தாம் வகுப்பு மாணவனான மகனும் கிரிவலம் வருகின்றனர். 14 கிலோமீட்டர் நடையில் களைத்த மகன், பாதையோரத் திண்ணையில் வாய் திறந்து உறங்கிவிடுகிறான். தந்தை அக்காட்சியைப் படமெடுத்து, வேடிக்கையாக இரண்டு வரி சேர்த்து முகநூலில் இடுகிறார். மறுநாள் வகுப்பில் அப்படம் கைக்குக் கை மாறுகிறது, நகைப்பு எழுகிறது. அன்றிரவு மகன் தன் கைப்பேசியின் கடவுச்சொல்லை மாற்றுகிறான். "பெற்றவனிடம் மறைக்க உனக்கு என்னடா இருக்கிறது?" என்று தந்தை சினக்கிறார். நியாயம் யார் பக்கம்?

இதனை ஆராய உதவும் தீர்ப்பொன்று தமிழ்நாட்டு வழக்கொன்றிலே பிறந்தது. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தது. சிறை அதிகாரிகள் அதனைத் தடுக்க முயன்றனர். முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லையென 1994-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதனோடு ஒரு பொது நெறியையும் வகுத்தது. தன் குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி முதலியவற்றின் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பொது ஆவணங்களில் உள்ளவை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, செய்தி உண்மையே ஆயினும் உரியவரின் இசைவின்றி அதனை வெளியிடலாகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உறுதி செய்தனர்.

அங்ஙனமாயின் பெற்றோரின் கண்காணிப்பு தவறோ? அன்று. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. பிள்ளையை வழிநடத்தும் உரிமையும் கடமையும் பெற்றோருடையவை என்று அது கூறுகிறது. அவ்வழிகாட்டல் பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்ப அமைய வேண்டும் என்றும், பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்றும் அதுவே கூறுகிறது.

நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களை நிறுவனங்கள் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. ஆயினும் தனிமனிதர் தம் சொந்த, இல்லத் தேவைகளுக்காகச் செய்வன அச்சட்டத்துள் அடங்கா. எனவே பெற்றோர் பிள்ளையின் படத்தை வெளியிடும்போது, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கும் பொறுப்பு பெரிதும் வீட்டிற்கே உரியதாகிறது. பிரான்சு நாடோ 2024-இல் ஒரு சட்டம் இயற்றி, பிள்ளையின் உருவப்பட உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும் என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையையும் அதில் ஈடுபடுத்த வேண்டும் என்றும் விதித்தது.

ஏரிக்குக் கரையும் வேண்டும், மதகும் வேண்டும். கரையில்லையேல் நீர் நில்லாது. மதகில்லையேல் வயல் விளையாது. பத்து வயதுப் பிள்ளையின் கைப்பேசியைப் பெற்றோர் அருகிருந்து பார்ப்பது காவல். பதினைந்து வயதினன் எத்தளங்களில் உலவுகிறான், எவ்வளவு நேரம் செலவிடுகிறான் என்று அவனையே வினவி அறிவதும் காவலே. நண்பனுக்கு அவன் எழுதியதை அவனறியாமல் நள்ளிரவில் திறந்து படிப்பது காவலன்று. அது நம்பிக்கையைக் குலைப்பது. எனினும் முன்பின் அறியாதவர் படம் கேட்டாலோ, பணம் கேட்டு மிரட்டினாலோ பெற்றோர் தலையிட்டே ஆகவேண்டும். அந்நேரத்தில் பிள்ளையும் அஞ்சி மறைத்தல் கூடாது. இணையக் குற்றங்களைத் தெரிவிக்க 1930 என்ற எண்ணும், குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற எண்ணும் உள்ளன.

மாணவர்களே, இக்கடமை ஒருவழிப்பட்டதன்று. தாயின் நோயையும், தந்தையின் கடனையும், வீட்டுச் சச்சரவையும் நீங்கள் பொதுவெளியில் இடுவதும் அதே பிழையே.

வேங்கிக்கால் தந்தை செய்ய வேண்டுவது யாது? அப்படத்தை நீக்கி, "உன்னைக் கேளாமல் இட்டது என் தவறு" என்று சொல்வதே. அவ்வொரு சொல்லைக் கேட்ட மகன், நாளை தனக்கு ஓர் இடர் வந்தால் முதலில் தந்தையிடமே வந்து சொல்வான். கடவுச்சொல்லை வற்புறுத்திப் பெறுவதைவிட அதுவே சிறந்த காவல் அன்றோ?