கலுங்கு கட்டாத ஏரி!

உத்தரகோசமங்கை பக்கத்துப் பசங்ககிட்ட கண்மாயைப் பத்திக் கேட்டுப் பாருங்க. 'கரை, மடை, கலுங்கு மூணும் சரியா இருக்கணும்'னு பட்டுன்னு சொல்வாங்க. தண்ணி மிஞ்சினா கலுங்குல வழிஞ்சிடும், கரை தப்பிச்சிடும்.

சிக்கிமில், சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்கு லோனாக் ஏரிக்கு யாரும் கலுங்கு கட்டலை. கரையும் பனிப்பாறை தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும்தான். பனி உருக உருக ஏரி பெருத்துக்கிட்டே போச்சு. 2016-ல் குழாய் போட்டுத் தண்ணியை இறக்கினாங்க, போதலை.

2023 அக்டோபர் 3 இரவு, ஏரியோரச் சரிவு சரிஞ்சு தண்ணிக்குள் விழ, எழும்பிய அலை கரையை உடைச்சிடுச்சு. தீஸ்தாவில் பாய்ந்த வெள்ளம் சுங்தாங் அணையையும் பல உயிர்களையும் வாரிக்கிட்டுப் போச்சு.

பூமி சூடாக ஆக, இமயத்தில் இப்படி ஏரிகள் பெருகுது. அதுக்கெல்லாம் கலுங்கு கட்டப்போறது யாரு? சிவில் படிக்கிற மக்களே, உங்களைத்தான்!