திருச்சபைச் செவிலியம்

திருச்சபைச் செவிலியம் என்பது, பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் ஒரு சபையைச் சார்ந்து நின்று, மக்களின் உடல், மனம், ஆன்மிகம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பேணும் ஊழியமாகும். இது மருத்துவமனைக்கு மாற்று அன்று. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே பாலமாக அமைவது.

தோற்றம்

1836-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் தியோடர் பிளீட்னர் என்ற போதகர், பெண்களை நோயாளர் பணிக்குப் பயிற்றும் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1851-இல் அங்குப் பயின்றார். இப்பணியின் இன்றைய வடிவம், 1984-இல் அமெரிக்காவின் சிக்காகோ அருகே லூத்தரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் உருவாக்கியது.

தமிழகத்தில்

சாத்தான்குளத்துக்கு அருகிலுள்ள நாசரேத்தில் 1870-இல் மருத்துவர் ஸ்டிராக்கன் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். அது புனித லூக்கா மருத்துவமனையாக வளர்ந்தது. 1876-இல் வந்த மர்காஷிஸ், 1908-இல் இறக்கும்வரை அவ்வூரில் பணியாற்றினார். வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1946-இல் பட்டப்படிப்பையும் தொடங்கியது.

பணிகள்

* வீடு சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு பார்த்தல்
* மருந்துச் சீட்டை விளக்குதல்
* தக்க மருத்துவரிடம் அனுப்புதல்
* துக்கத்திலும் தனிமையிலும் உள்ளோரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டல்
* சபையில் தன்னார்வலரைப் பழக்குதல்

தேவை

நீரிழிவு முற்றினால் காலில் உணர்வு குறையும். தேரிக்காட்டு ஓரங்களில் நடப்பவருக்கு முள் தைத்தாலும் வலி தெரியாது. புண் அழுகிய பின்னரே மருத்துவமனைக்கு வந்தால் காலையே இழக்க நேரிடும். பிள்ளைகள் வெளியூரில் பிழைக்க, தனித்திருக்கும் முதியவரின் பாதத்தைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அவர் சில ஞாயிற்றுக்கிழமைகள் ஆலயத்துக்கு வராததை முதலில் அறிவது சபையே. அப்போது செவிலியர் வீடு தேடிச் சென்றால் புண் சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். கணவர் இறந்தபின் மாத்திரையை நிறுத்திவிட்ட பெண்ணிடம், மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. துக்கத்தையும் கேட்க வேண்டும். முழுமையான பராமரிப்பு என்பதன் பொருள் இதுவே.

வரம்புகள்

செவிலியர் தாமாக மருந்து எழுதுவதில்லை. நோயாளி சொன்னதை அவர் அனுமதியின்றிச் சேகரகுருவிடமும் சொல்லலாகாது. நோயாளி விரும்பினால் மட்டுமே ஜெபம் செய்யலாம். பிற சமயத்தாருக்குச் செய்யும் உதவி மதமாற்றத்துக்கான வழியாகக் கூடாது. ஜெபம் போதும், மருந்து வேண்டாம் என நினைப்போரிடம், இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என எடுத்துச் சொல்வதும் இவரது கடமையாகும்.