வெங்காயம் வெடிக்காது, சிவப்பணு வெடிக்கும்

‘குளுக்கோஸ் ஏற்றினார்கள்’ என்று நாம் சொல்வது பல நேரங்களில் உப்புத் தண்ணீரைத்தான். பாட்டிலின் மேல் 0.9 சதவீதம் சோடியம் குளோரைடு என்று அச்சிட்டிருக்கும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நீர் வற்றிய உடம்புக்கு வெறும் தண்ணீரையே நரம்பில் ஏற்றினால் என்ன? ரத்தச் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வைக் கடந்து போகும்; பாடநூல் இதைச் சவ்வூடு பரவல் என்கிறது. சிவப்பணுவுக்குக் காவல் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்றுதான். உள்ளே பாயும் தண்ணீரை அது எவ்வளவு நேரம் தாங்கும்?

அதே வெறும் தண்ணீரில் நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு வையுங்கள். வெடிக்காது. இன்னும் மொறுமொறுப்பாகும். தாவர செல், விலங்கு செல் வேறுபாட்டை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தவர்களுக்கும் இது ஏன் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது.

பதில் வெங்காயத்திலேயே இருக்கிறது. இதழின் உட்பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உரிந்து வரும். அதில் ஒரு சொட்டு சாப்ரனின் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நீள நீளமான அறைகள் இடைவெளியில்லாமல் அடுக்கியிருக்கும். அறைக்கு ஒரு சிவப்புப் புள்ளி, அதுதான் உட்கரு. படத்தில் வரைவதுபோல அது நடுவில் இருக்காது, பெரும்பாலும் சுவரோரமாக ஒதுங்கிக் கிடக்கும். நடு இடம் முழுவதையும் வாக்குவோல் என்ற நீர்ப்பை பிடித்துக்கொண்டதால் வந்த நிலை இது. முதிர்ந்த தாவர செல்லின் கொள்ளளவில் 80, 90 சதவீதம்கூட இந்தப் பைதான். பச்சை நிறம் எங்கே என்று தேடாதீர்கள். மண்ணுக்குள் வளரும் வெங்காய இதழுக்குப் பசுங்கணிகம் எதற்கு? மைட்டோகாண்ட்ரியா மட்டும் உண்டு. ‘தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா’ என்று பிரித்துச் சொல்வது தவறு. சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுக்க இரண்டுக்குமே மைட்டோகாண்ட்ரியா வேண்டும்.

வாக்குவோலில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். பை உப்பி, சவ்வைச் சுவரோடு அழுத்தும். செல்லுலோஸ் இழைகளால் ஆன சுவர் பதிலுக்கு நெருக்கும். இந்த விறைப்பழுத்தம் கார் டயரில் அடைத்த காற்றின் அழுத்தத்தைவிட இரண்டு மூன்று மடங்குகூட இருக்கும். எலும்பில்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இதன் தயவில்தான். வாடிய மல்லித்தழையில் தண்ணீர் தெளித்தால் நிமிர்கிறது. வெந்த கீரை நிமிராது. கொதியில் சவ்வு சிதைந்துவிட்டது. சுவர் மட்டும் இருந்து அழுத்தத்தைத் தேக்க முடியாது. நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டால் கதை தலைகீழ். தண்ணீர் வெளியே வந்துவிடும், துண்டு துவளும், உள்ளே சவ்வு சுவரைவிட்டுச் சுருங்கியிருக்கும்.

வாக்குவோல் தண்ணீர்த் தொட்டி மட்டுமல்ல, ஆயுதக் கிடங்கும்கூட. வெங்காய செல்லில் அல்லினேஸ் என்ற நொதி வாக்குவோலில் இருக்கிறது. அது பிடித்து உடைக்க வேண்டிய கந்தகச் சேர்மம் வெளியே சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. கத்தி பட்டால்தான் இரண்டும் சந்திக்கும். அதிலிருந்து கண்ணீர் வரவழைக்கும் வாயுவை உண்டாக்க இன்னொரு நொதியும் வேண்டும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். கூரான கத்தி குறைவான செல்களை நசுக்கும், அழுகையும் குறையும்.

இவ்வளவு வசதியான சுவரை விலங்குகள் ஏன் வைத்துக்கொள்ளவில்லை? அசைய வேண்டுமே! கிருமியைக் கண்டதும் வெள்ளையணு உருமாறி ஊர்ந்து போய் அதை விழுங்குகிறது. சுவருக்குள் அடைபட்ட செல்லால் அது ஆகாது. அதற்கு விலையாக, செல்லைச் சுற்றியுள்ள திரவத்தின் உப்பை நாள் முழுக்கக் கணக்குப் பார்க்க நமக்குச் சிறுநீரகம் தேவைப்படுகிறது.

சுவர் இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டுவதைத் தடுக்கிறது. சுவர் பலவீனமானதும் தண்ணீர் புகுந்து பாக்டீரியா வெடிக்கிறது. நம் செல்லில் தாக்குவதற்குச் சுவரே இல்லை. நிமோனியாவை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மாவுக்கும் சுவர் கிடையாது, அதனிடம் பென்சிலின் பலிக்காது. அதற்கு மருத்துவர்கள் எழுதித் தரும் அசித்ரோமைசின், புரதம் தயாரிக்கும் ரைபோசோமைக் குறிவைக்கிறது. ரைபோசோம் எல்லா உயிருக்கும் உண்டு என்றாலும் பாக்டீரியாவினுடையது அமைப்பில் சற்று வேறு. அந்த அமைப்பை அணு அணுவாகத் துலக்கியதற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனி ரைபோசோம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவே பாக்டீரியா வழி வந்தது என்பதால், அந்த ரைபோசோமும் பாக்டீரியாவின் சாயலில் இருக்கும். ரைபோசோமைத் தாக்கும் லினசோலிட் மருந்தை வாரக்கணக்கில் கொடுக்கும்போது, நோயாளியின் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுகிறதா என்று மருத்துவர்கள் கவனிப்பது அதனால்தான்.