பிச்சி: பூ அல்ல, சாப்பாடு!

இத்தாலியில், தஸ்கனி மாநிலத்தில், குன்றின் மேல் இருக்கிறது பியன்சா என்ற சிற்றூர். 1459-ல் போப்பாண்டவர் இரண்டாம் பயஸ், தாம் பிறந்த இவ்வூரைப் புதுப்பித்துக் கட்டத் தொடங்கினார்.

அங்கே அமைதியான சந்து ஒன்றில் ஒரு சாப்பாட்டுக் கடையைக் கண்டேன். அப்பா பரிமாறுகிறார், அம்மா சமைக்கிறாள், பாட்டி 'பிச்சி' உருட்டுகிறாள்.

பிச்சி என்றதும் பூ என்று எண்ணிவிடாதீர்கள்! கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கயிறு போல ஒவ்வோர் இழையாகக் கையால் உருட்டி, வேகவைத்து, தக்காளியும் பூண்டும் சேர்த்த குழம்பில் புரட்டித் தருகிறார்கள்.

மலையூர்ப் பிள்ளைகள் பலர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கைப்பக்குவம் நிலைக்குமா? பாட்டியிடமே கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பேத்தியைக் காட்டினாள்.

சிறுமி உருட்டிய இழை கோணலாக இருந்தது. அதுவும் என் தட்டுக்கு வந்தது. ருசியில் குறைவே இல்லை!