ஃபிரெஞ்ச் கர்விலிருந்து வயர்கட் வரை

பொறியியல் முதலாண்டு மாணவர்கள் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய காலத்தில், இன்வல்யூட் வளைவு தேர்வுக்கு வரும் கேள்வி, அவ்வளவுதான். 40 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் சுற்றிய நூலைத் தளரவிடாமல் பிரித்தால் அதன் நுனி போகும் தடத்தை வரைய வேண்டும். வட்டத்தை 12 பாகமாக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் தொடுகோடு இழுத்து, சுற்றளவான 125.7 மி.மீ.யில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று டிவைடரால் குறித்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் புள்ளிகளை ஃபிரெஞ்ச் கர்வ் வைத்து இணைக்கும்போதுதான் கைப்பழக்கம் தெரியும். வட்டத்தை ஒட்டிய முதல் சில புள்ளிகளில் வளைவு சட்டென்று திரும்பும். அங்கே பொருந்தும் விளிம்பு எளிதில் கிடைக்காது; ஷீட்டில் அழிரப்பர் பட்ட இடமும் பெரும்பாலும் அதுதான்.

அடுத்து, வளைவின் மேல் ஒரு புள்ளியில் நார்மல் வரையச் சொல்வார்கள். அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இழுக்கும் தொடுகோடே நார்மல். மார்க்குக்காக நாங்கள் கடந்துபோன இந்த ஒரு படியில்தான் கியரின் உயிரே இருக்கிறது. இரண்டு கியர்கள் எந்த இடத்தில் தொட்டுக்கொண்டாலும், தொடும் பற்களின் பொது நார்மல் இரு அடிவட்டங்களையும் (நூல் சுற்றியிருந்த வட்டங்களையும்) தொடும் அதே கோட்டில் விழும். அதனால் வேக விகிதம் மாறாது. ஷாஃப்டுகள் சற்று விலகிப்போனாலும் விகிதம் அப்படியே இருக்கும். 1673-ல் ஹைகன்ஸ் தம் ஊசல் கடிகார நூலில் ஆராய்ந்த இந்த வகை வளைவைப் பற்களுக்குக் கொண்டுவந்தவர் 18-ம் நூற்றாண்டின் ஆய்லர்.

ஆனால் நாங்கள் படித்த காலத்துப் பட்டறைக்கு அந்த வளைவைத் துல்லியமாக வரைய வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1838-லேயே கேம்பிரிட்ஜின் ராபர்ட் வில்லிஸ், வட்ட வில்களை வைத்தே பல்லை வரைய ஓடோன்டோகிராஃப் என்ற கருவியைக் கொடுத்துவிட்டார். பிறகு ஹாபிங் மெஷின் வந்தது. அதன் வெட்டுக்கருவியான ஹாபின் பல் நேர்ப்பக்கம் கொண்டது. ஹாபும், பல் வெட்டப்படாத வட்டான பிளாங்கும் இசைந்து சுழலும்போது இன்வல்யூட் தானாகவே உருவாகிவிடும். டிராயிங்கில் மாட்யூல் 3, பற்கள் 20, அழுத்தக் கோணம் 20 டிகிரி என்று எழுதி, பிட்ச் வட்டத்துக்கு ஒரு சங்கிலிக் கோடு போட்டால் போதும். பல்லின் வடிவத்துக்கு மெஷின் பொறுப்பு.

1982-ல் ஆட்டோகேட் வந்தபோதும் பெரிதாக மாறிவிடவில்லை. காகிதத்தில் போட்ட தொடுகோடுகளையே திரையில் போட்டு, புள்ளிகளை இணைத்தோம். உண்மையான மாற்றம், சமன்பாட்டையே வளைவாக ஏற்கும் மென்பொருள்களோடு வந்தது. இன்று சாலிட்வொர்க்ஸில் இரண்டு வரி தட்டினால் போதும். ஃப்ரீகேடில் அதுகூட வேண்டாம். மாட்யூலையும் பல் எண்ணிக்கையையும் கொடுத்தால் முழுக் கியரே வந்து நிற்கும். இதை நான் மனதார வரவேற்கிறேன். டிவைடர் முனை தந்த பிழையோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

ஆனால், எதுவரை வரைவது என்று தெரிந்திருக்க வேண்டும். நம் 20 பல் கியரில் பிட்ச் விட்டம் 60 மி.மீ., அடிவட்டம் 56.38, பல் நுனி 66. நுனியைத் தொட நூல் அடிவட்டத்திலிருந்து சுமார் 35 டிகிரி அளவுக்குப் பிரிந்தாலே போதும். தேர்வில் ஒரு முழுச் சுற்று வரைந்த கைக்கு இது வியப்பாக இருக்கும். பல்லின் வேர் விட்டமோ 52.5. அதாவது வேருக்கும் அடிவட்டத்துக்கும் நடுவே இன்வல்யூட்டே கிடையாது. முன்பு ஹாப் தானாக வெட்டிக் கொடுத்த அந்த வேர்ப்பகுதியை இப்போது வரைபவரே யோசித்துப் போட வேண்டும்.

ஏனென்றால், வரைந்த கோடே இன்று பல்லாகிறது. கோயம்புத்தூரில் ஒற்றைக் கியர் கேட்டு வருபவருக்கு, அந்த அளவு ஹாப் கையில் இல்லாவிட்டால் வயர்கட்டில், அதாவது மின்பொறி கொண்ட கம்பியால் வெட்டும் மெஷினில், போட்டுக் கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக் என்றால் 3டி பிரிண்டர். இரண்டுமே வடிவத்தைத் தாமாக உருவாக்குவதில்லை. கோப்பில் இருப்பதையே பின்பற்றும். டிஎக்ஸ்எஃப் ஆக மாற்றும்போது வளைவு குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைந்திருந்தால், அந்தக் கோடுகள் அப்படியே இரும்பில் இறங்கும். கியர் சத்தம் போடும். பிழை அளவை மைக்ரான் கணக்கில் இறுக்கிவைத்து ஏற்றுமதி செய்வது இன்றைய டிராஃப்ட்ஸ்மேனின் வேலை. அன்று அந்தக் கவலையே அவருக்கு இல்லை.

வரைந்தது சரிதானா என்று பார்க்க நான் நம்பும் வழி ஒன்று உண்டு. அடிவட்டத்தைத் தொடும் ஒரு கோட்டை மூன்று பற்களின் குறுக்கே போட்டு, வெளிப்பக்கங்களுக்கு இடையே அளந்தால், பற்களுக்கிடையே பேக்லாஷ் இடைவெளி விடாத இந்தக் கியருக்கு 22.98 மி.மீ. வர வேண்டும். அதே அளவைப் பட்டறையில் டிஸ்க் மைக்ரோமீட்டர் வைத்து வெட்டிய கியரிலும் எடுக்கலாம். திரையில் இந்த எண் வராத கோப்பை நான் வயர்கட்டுக்கு அனுப்புவதில்லை.