பன்மொழி இல்லமும் குழந்தையும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே ஸ்ரீ ரமணாசிரமத்தை நோக்கி நடப்போர் செவியிற் பல மொழிகள் விழும். கடைக்காரர் தமிழில் விலை கூறுவர். யாத்திரிகர் தெலுங்கில் வழி வினவுவர். மேனாட்டார் ஆங்கிலத்தில் உரையாடுவர். இத்தகைய இடத்தில் தாய்க்கு ஒரு மொழியும் தந்தைக்கு வேறு மொழியுமாய் அமைந்த குடும்பங்கள் காணப்படுதல் இயல்பே. அவ்வில்லத்துக் குழந்தையை எம்மொழியில் வளர்ப்பது என்னும் வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் உண்மையாக நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். சயாம் நாட்டில் ஆசிரியராயிருந்த ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர். அவர்தம் மனைவியார் லூசியா போலந்து நாட்டினர். 1941-ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன் குடும்பத்தை இந்தியாவில் விடுத்துப் பாங்காக்குக்கு மீண்டார். அம்மையார் மூன்று மக்களோடு ரமணாசிரமத்தருகே தங்கினார். அவ்வாண்டின் முடிவில் ஜப்பானியர் சயாமிற் புகவே ஆஸ்பர்ன் சிறைப்பட்டார். 1945-இல் யுத்தம் முடிந்த பின்னரே குடும்பத்தோடு கூடினார். அவர் மகன் ஆடம் இளமையில் தமிழைத் தங்குதடையின்றிப் பேசினார். பெற்றோர் இருவருக்கும் தாய்மொழியல்லாத தமிழ், சுற்றியிருந்தோர் வாய்மொழியால் அவர் நாவிற் குடிபுகுந்தது. 1981-இல், கையில் எடுத்துச் செல்லத்தக்க கணிப்பொறியை விற்பனைக்குக் கொணர்ந்து புகழெய்தியவர் இவரே.

ஆகவே, குழந்தைக்கு மொழியைத் தருவது இலக்கணமன்று. அம்மொழியிற் பேசும் மனிதரே. பிரெஞ்சு அறிஞர் ரோன்ஜா 1913-இல் வெளியிட்ட நூலும் இதனையே காட்டும். அவர் தம் மகனோடு பிரெஞ்சிலும், அவர் மனைவியார் ஜெர்மானியத்திலுமே பேசி வந்தனர். சிறுவன் இரண்டினையும் செவ்வனே பேசலானான். அமெரிக்காவில் வாழ்ந்த லியோபோல்டு என்னும் அறிஞரும் தம் மகளிடம் ஜெர்மானியமே பேசினார். ஆயினும் தாய் பேசியதும் வீதியில் வழங்கியதும் ஆங்கிலமாதலின் சிறுமியின் ஜெர்மானியம் நலிவுற்றது. ஐந்தாம் வயதிற் சில மாதங்கள் ஜெர்மனியில் தங்கியபோதோ அது விரைவில் தழைத்தது.

இனி நம்மூருக்கு வருவோம். தந்தை தமிழர், தாய் தெலுங்கர் என்று கொள்வோம். தமிழுக்கு வீதி துணை. ஆங்கிலத்திற்குப் பள்ளி துணை. தெலுங்கிற்கோ தாய் ஒருத்தியே துணை. அவளும், “குழந்தை குழம்பும்” என்று அஞ்சித் தன் மொழியைக் கைவிடின், அஃது அவ்வில்லத்தினின்றும் நீங்கும். விடுமுறைக்கு வரும் பாட்டி கதை சொல்லப் பேரன் பொருளறியாது விழிக்கும் அன்றுதான் இழப்பின் அளவு புலப்படும். பாட்டியின் கண்ணீர் எந்தப் பரீட்சையிலும் மதிப்பெண்ணாக வாராது. எனினும் அஃதும் ஒரு கணக்கே.

அவ்வச்சம் ஆதாரமற்றது என்பதை இக்கால ஆராய்ச்சிகள் தெளிவாக்கியுள்ளன. இருமொழிக் குழந்தை ஒரே வாக்கியத்தில் இரு மொழிச் சொற்களைக் கலத்தல் நோயன்று. வளர்ச்சியின் ஒரு படியே. ஒரு மொழியிற் சொற்கள் சில குறையினும், இரண்டினையும் கூட்டி எண்ணின் ஒருமொழிக் குழந்தைக்குப் பெரிதும் பின்தங்காது. கலந்து பேசுங்கால் கடிந்து கொள்ளாது, செம்மையான வாக்கியத்தை நாமே திரும்பச் சொல்லுதல் சாலும். விருந்தினர் முன்னே பேசிக்காட்டுமாறு வற்புறுத்தலும் தகாது. தாலாட்டு, கதை, விளையாட்டு ஆகியவை தாயின் மொழியில் நாடோறும் நிகழ்வதே நலம்.

இளமை கடந்தோரும் மனந்தளர வேண்டுவதில்லை. மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்று, 1896-இல் திருவண்ணாமலை வந்த ரமண மகரிஷி, பின்னர்த் தம்பால் வந்த அன்பர்கள் வாயிலாகவும் அவர்கள் கொணர்ந்த நூல்கள் வாயிலாகவும் பிற மொழிகளை அறிந்தார். தமிழில் தாம் இயற்றிய உபதேச உந்தியாரைத் தெலுங்கு, வடமொழி, மலையாளம் ஆகியவற்றிலும் தாமே ஆக்கினார்.

மாணாக்க நண்பர்காள்! உங்களுட் பலர் நாளைப் பெற்றோராவீர். மொழி வீட்டிலிருந்து ஒரே நாளில் வெளியேறுவதன்று. பேசாது விட்ட ஒவ்வொரு மாலையிலும் சிறிது சிறிதாக அகல்வது. ஆதலின், இன்று மாலையே பாட்டியிடம் அவர் மொழியிற் பேசத் தொடங்குவீராக.