மண் கரையைக் காப்போம்

‘சிறு துளி பெருவெள்ளம்’ என்னும் பழமொழியைச் சேமிப்பின் சிறப்பைக் கூறவே நாம் பெரும்பாலும் எடுத்தாள்கிறோம். ஆற்றோரத் தோட்டங்களில் வாழும் நமக்கு அஃது ஓர் எச்சரிக்கையுமாகும்.

1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சிலாங்கூர் மாநிலத்தின் கோலகுபுவில் பழைய அணைக்கரை ஒன்று கனமழையின்போது உடைந்தது. வெள்ளம் ஊருக்குள் பாய்ந்தது, பலர் மாண்டனர். மாவட்டத்தின் ஆங்கிலேய அதிகாரியும் அவர்களுள் ஒருவர். நீரைத் தடுத்து நிற்கும் கரை, உடைந்தால் உயிரையே பறிக்கும் என்பதற்கு இது நம் நாட்டுச் சான்று.

மண்ணைக் குவித்துவிட்டால் மட்டும் அது கரையாகிவிடாது. முதலில் புல், வேர், சேறு ஆகியவற்றை அகற்றுவர். பின்னர்க் களிமண் கலந்த மண்ணை ஏறத்தாழ 15 முதல் 30 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் உருளை இயந்திரத்தால் இறுக்குவர். மண்ணின் ஈரம் அளவாக இருத்தல் வேண்டும். மிகக் காய்ந்த மண்ணில் இடைவெளிகள் தங்கிவிடும். மிக நனைந்த மண் இறுகாது. இறுதியில், மழை அரிக்காதிருக்கச் சரிவுகளில் புல் வளர்ப்பர்.

இத்தகைய கரைக்கும் இரு பெரும் பகைகள் உண்டு. ஒன்று, வெள்ளம் கரைக்கு மேல் வழிந்து மறுபுறச் சரிவை அரித்தல். மற்றொன்று, நீர் கரையினூடே கசிதல். கசியும் நீர் மண் துகள்களைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்து வரும். துளை உள்நோக்கி நீண்டு குழாய்போல் ஆகும். முடிவில் கரை சரியும்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 93 மீட்டர் உயரமுள்ள டீட்டன் மண் அணையில், 1976 ஜூன் 5-ஆம் நாள் காலையில் கலங்கிய நீர் கசிவதைக் கண்டனர். துளையை அடைக்கச் சென்ற இரு புல்டோசர்களையும் வெள்ளம் விழுங்கியது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் உயிரிழந்தனர்.

இதனின்று நாம் கற்க வேண்டிய பாடம் எளிது. கரையில் புதிய கசிவு எதனைக் கண்டாலும் தோட்ட நிர்வாகத்திற்கோ, வடிகால் நீர்ப்பாசன இலாகாவிற்கோ உடனே அறிவித்தல் வேண்டும். கசியும் நீர் கலங்கியிருந்தால், கரையின் உள்மண் கரைந்து வருகிறது என்பது பொருள். அந்நிலையில் வேடிக்கை பார்த்து நிற்றல் ஆகாது; குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு மேட்டு நிலத்திற்குச் சென்றுவிட வேண்டும்.

கரையில் மரவள்ளியும் வாழையும் நடுவதைத் தவிர்ப்போம். கிழங்கைத் தோண்டினால் கரை தளரும். பெருமரங்களின் வேர்கள் மடிந்து உளுத்தால், அவை இருந்த இடம் நீருக்கு வழியாகும். வீட்டுத் தேவைக்குக் கரையின் மண்ணை வெட்டுதலும், ஓரிடத்திலேயே மாடுகளை ஏற்றி இறக்குதலும் தீங்கானவை. எலி வளைகளையும் நண்டு வளைகளையும் கண்டால் அவற்றையும் தெரிவிப்போம்.

விடியற்காலையில் பால் வெட்டச் செல்லும் நாமே கரையை முதலில் காண்பவர்கள். ஒரு கணம் நின்று பார்ப்பதால் வேலை கெடாது. ஒரு குடியிருப்பே காப்பாற்றப்படலாம்.